எங்கள் வீட்டில் யாரும் குடியிருக்கவில்லை என்பது குறித்து

அன்பும் அடக்கமும் எண்ணிலடங்கா நாற்காலிகளும் உடைய மைத்துனருக்கு,

உங்கள் அக்காவைக் கட்டிக்கொண்ட காரணத்தால் உங்களுக்கு அத்தானாகிப்போன, மாநகராட்சியில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்ற அடியேன் எழுதிக்கொள்வது. உங்கள் வாடகை நாற்காலிக் கடை அமோகமாக நடக்கும் என்று நம்புகிறேன். வீட்டில் தங்கச்சியும் பிள்ளைகளும் சுகம்தானே? இங்கே நாங்கள் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். ஆனால் 'இங்கே' யாரும் குடியிருக்கவில்லை என்று மாநகராட்சி எழுத்துமூலம் தெரிவித்துவிட்ட நிலையில், 'நாங்கள்' நலமாக இருப்பதாக எழுதி உங்களையும் வம்பில் மாட்டிவிட விரும்பவில்லை.

நாலு தெரு தள்ளி இருப்பவருக்குப் போனில் சொல்லாமல் கடிதம் எதற்கு, அதுவும் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கும் பதிவுத் தபால் எதற்கு என்று நீங்கள் யோசித்திருப்பீர்கள். போனில் சொன்னால் பாதியில் "அத்தான், ஒரு நிமிஷம், லோடு வந்திருக்கு" என்பீர்கள். அந்த ஒரு நிமிஷம் முடிந்து நீங்கள் திரும்பி வந்ததாக எனக்கு நினைவில்லை. தவிர, இது லோடு வந்தால் நிறுத்திவிடக்கூடிய சமாசாரம் இல்லை. உங்கள் அக்காவின் கண் சம்பந்தப்பட்டது.

இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது, இனி தள்ளிப்போட வேண்டாம், அறுவை சிகிச்சை செய்துவிடுங்கள் என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். அவர் சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும். அன்றைக்குக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் சட்டையைப் பார்த்து, "எப்ப வந்தீங்க?" என்று கேட்டிருக்கிறாள். சட்டை பதில் சொல்லவில்லை. அந்தத் திமிருக்காக அன்று முழுதும் என்னோடு பேசவில்லை. நான் போய்ச் சமாதானம் பேசியபோதும் "இப்பத்தான் வாய் வந்துச்சா?" என்று ஒரு பிடி பிடித்தாள். இதையெல்லாம் சிரிப்பாக எழுதுகிறேனே தவிர, ராத்திரி சாப்பாட்டுத் தட்டைத் தடவித் தடவி எடுத்து வைக்கிறவளைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை, மாப்பிள்ளை. பயமாக இருக்கிறது.

செலவைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்றுதான் நினைத்தேன். ஓய்வு பெற்றவர் குடும்பத்தின் மருத்துவச் செலவை மாநகராட்சியே ஏற்கும். அதற்காகத்தானே இத்தனை காலம் சம்பளத்தில் பிடித்தார்கள்? கேட்பது ஒன்றே ஒன்றுதான். மனுதாரர் கொடுத்த முகவரியில் நிஜமாகவே குடியிருக்கிறாரா என்று பார்த்து எழுத வேண்டும். பார்த்து எழுதுவது யார்? நான் வேலை பார்த்த அதே நிலப்பயன்பாட்டுப் பிரிவு. எந்தத் தெருவில் வீடு இருக்கலாம், எந்தத் தெருவில் கடை இருக்கலாம், வீடு என்று சொல்லிவிட்டு உள்ளே மாவு மில் ஓட்டுகிறார்களா என்றெல்லாம் கண்காணிக்கும் பிரிவு. நம்ம ஆட்கள்தானே, ஒரு பொழுதில் முடிந்துவிடும் என்று உங்கள் அக்காவிடம் மார்தட்டினேன். மார்தட்டிய இடம் இன்னும் வலிக்கிறது.

எங்கள் அலுவலகத்தை நீங்கள் பார்த்ததில்லை. பணியாளர் நலன், நிதி, நிலப்பயன்பாடு ஆகிய மூன்று பிரிவுகளும் இரண்டாம் மாடியில் ஒரே கூடத்தில்தான் இருக்கின்றன. நலப்பிரிவு அம்மாவின் நாற்காலியும் நிலப்பயன்பாட்டு ஆய்வாளரின் நாற்காலியும் முதுகோடு முதுகு ஒட்டியிருக்கும். ஒருவர் தும்மினால் மற்றவர் மேசை ஆடும். மதியம் ஒரே மேசையில் டப்பாவைத் திறந்து, ஒருவர் பொரியலை ஒருவர் குறை சொல்லிக்கொண்டு சாப்பிடுவார்கள். ஆனால் ஒரு காகிதம் இந்த மேசையிலிருந்து அந்த மேசைக்குப் போக வேண்டுமானால், கீழே இறங்கி, அனுப்புகைப் பிரிவில் முத்திரை வாங்கி, அங்கே கொஞ்ச நாள் ஊறி, பிறகு படியேறித்தான் வர வேண்டும். திரும்பிப் பார்த்து வாயால் கேட்டால் குற்றம். "சார் வீட்ல இருக்காராப்பா?" என்று முதுகுக்குப் பின்னால் கேட்டிருந்தால் அன்றே உங்கள் அக்காவுக்குக் கண் வந்திருக்கும். கேட்கவில்லை. காகிதம் இறங்கியது.

ஒருவழியாக ஆய்வுக்கு வந்தவர் யார் தெரியுமா? நம்ம குடை. வெயில் மழை பாராமல் கக்கத்தில் குடையோடு திரிவாரே, என்னோடு பக்கத்து மேசையில் உட்கார்ந்து தலை நரைத்தாரே, அவரேதான். எங்கள் வீட்டுக் குளியலறைக் குழாய் ஒழுகுவதுவரை அவருக்குத் தெரியும். வாயெல்லாம் பல்லாக வாசலுக்குப் போனேன். மனுஷன் படிக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்.

"என்னய்யா அங்கயே நிக்கிறீங்க, உள்ள வாங்க."

"ஐயையோ, கூப்பிடாதீங்க சார். அப்புறம் நீங்க கூப்பிட்டதையும் எழுத வேண்டி வரும்."

அப்போதுதான் எனக்கு வாசல் விதி ஞாபகம் வந்தது. வெகுகாலம் முன்பு ஓர் ஆய்வாளர் ஒரு வீட்டுக்குள் போய் உட்கார்ந்து ஒரு டம்ளர் தேநீர் குடித்துவிட்டார். அது லஞ்சம் என்று பக்கத்து வீட்டுக்காரர் மனுப் போட்டார். அந்தத் தேநீரில் சர்க்கரை இருந்ததா இல்லையா என்பதுவரை விசாரணை நடந்தது. கடைசியில், ஆய்வாளர் எவரும் வாசற்படியைத் தாண்டக் கூடாது, வெளியில் நின்றபடி முன்னறையில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுத வேண்டும், முன்னறை எதுவோ கட்டடமும் அதுவே என்று முடிவு கட்டினார்கள். முன்னறையில் யாரோ சைக்கிளை நிறுத்தி வைத்திருந்த வீட்டைச் சைக்கிள் நிறுத்தம் என்று நானே எழுதியிருக்கிறேன். அப்போது அந்த விதி எனக்கு மிகவும் நியாயமாகத் தெரிந்தது.

வாசலில் நிற்பது என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது, சொல்லிவிடுகிறேன். போன தடவை உங்கள் வீட்டுக்கு வந்தபோது, "உள்ள பெயிண்ட் அடிக்கிறாங்க அத்தான்" என்று என்னை வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பிவிட்டீர்கள். அதற்கு முந்தின தடவையும் பெயிண்ட். இவ்வளவு பெயிண்ட் அடித்த வீட்டை நான் என் பணிக்காலத்தில் கண்டதில்லை. எனக்கு வருத்தமில்லை. உங்கள் மாடியில் புதிதாக எழும்பியிருப்பது தண்ணீர்த் தொட்டிக்கு நிழல் என்று சொன்னீர்கள், நம்பினேன். தண்ணீர்த் தொட்டிக்கு ஜன்னல் எதற்கு, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரைச்சீலை எதற்கு, கயிற்றில் கட்டி நாற்காலிகளை மேலே ஏற்றுகிறார்களே, தொட்டி களைத்துப்போனால் உட்காரவா என்று நான் ஒரு வார்த்தை கேட்டதுண்டா? இல்லை. உறவு வேறு, உத்தியோகம் வேறு.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் முன்னறையில் அன்று குடையின் கண்ணில் பட்டது என்ன? ஒரு மேசை. ஓய்வு பெற்ற மனுஷன் சும்மா இருக்க முடியாமல், தெருவில் உள்ளவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன், தெரியுமே. காசு வாங்குவதில்லை. இஸ்திரிக் கடைக்காரருக்குக் குடிநீர் இணைப்பு, தையல்காரம்மாவுக்குப் பெயர் திருத்தம், இப்படி யாராவது வந்துகொண்டேதான் இருப்பார்கள். வருகிறவர்கள் உட்கார, "ஓரம்தான் உடைஞ்சிருக்கு அத்தான், வச்சுக்கோங்க" என்று நீங்கள் அனுப்பிய நாற்காலிகளைச் சுவரோரம் வரிசையாகப் போட்டிருந்தேன். உங்கள் அன்பளிப்பை நான் மறைத்து வைக்கலாமா? குடை குனிந்து பார்த்தார், நிமிர்ந்து எழுதினார்: 'மேசை. காத்திருப்போர் நாற்காலிகள். காத்திருப்போர். இக்கட்டடம் அலுவலகம். குடியிருப்போர் இல்லை.'

"யோவ், பின்னாடி ரூம்ல கட்டில் கிடக்கு, அதுக்குப் பின்னாடி சமையலறை. அங்க உக்காந்து நீங்க சாப்பிட்டிருக்கீங்க!"

"அது மனுஷனா வந்தப்ப சார். இப்ப ஆய்வாளரா வந்திருக்கேன்."

சொல்லிவிட்டு மனுஷன் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். ஒரே கல்லில் எனக்கு இரண்டு மாங்காய் விழுந்தது. குடியிருப்புப் பகுதியில் அனுமதியின்றி அலுவலகம் நடத்துவதாக ஒரு நோட்டீஸ். அலுவலகத்தில் எவரும் குடியிருக்க இயலாதாகையால் மருத்துவச் சலுகை நிறுத்தப்படுகிறது என்று இன்னொரு காகிதம். இரண்டும் ஒரே தபால்காரர் கையில், எங்கள் வீட்டு முகவரிக்குத்தான் வந்தன. யாரும் குடியிருக்காத வீட்டில் அதை யார் வாங்குவார்கள் என்று அவர்கள் நினைத்தார்கள் என்று கேட்காதீர்கள். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்ட முட்டாள் நான்தான்.

சரி, வீடு என்றால் வீடு மாதிரி காட்டிவிடுவோம் என்று மேசையைத் தூக்கிப் பின்னால் போட்டேன், கட்டிலை முன்னறைக்குக் கொண்டுவந்தேன், மறு ஆய்வு கேட்டு மனுப் போட்டேன். குடை வந்த நேரம் உங்கள் அக்கா கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு மல்லாந்து படுத்திருக்கிறாள். அவளுக்குக் கண் சரியில்லை என்று கேள்விப்பட்டு அக்கம்பக்கத்துப் பெண்கள் பார்க்க வந்திருக்கிறார்கள். அவர்கள் உட்கார்ந்திருப்பது, வேறெதில், உங்கள் நாற்காலிகளில். குடை உதட்டைப் பிதுக்கிக்கொண்டு எழுதினார்: 'படுக்கை. நோயாளி ஒருவர். பார்வையாளர்கள். இக்கட்டடம் அனுமதி பெறாத மருத்துவமனை.'

நான் நேரே நலப்பிரிவுக்கு ஓடினேன். அங்கே இருக்கிற அம்மா நல்லவர். கோபமே வராது, அதனாலேயே நமக்கு வரும். காகிதத்தைப் படித்து முடித்துச் சிரித்த முகத்தோடு சொன்னார்: "சார், இதுல உங்களுக்கு நல்ல சேதி ஒண்ணு இருக்கு. அம்மாவை ஏற்கெனவே ஆஸ்பத்திரியில சேர்த்தாச்சுன்னு ரிப்போர்ட் வந்திருக்கே. அப்புறம் எதுக்கு இன்னொரு ஆஸ்பத்திரி?"

"அது எங்க வீடும்மா!"

"வீட்டையே ஆஸ்பத்திரியா மாத்தியிருக்கீங்க, பரவாயில்லையே! எங்க வீட்ல ஒரு பாத்ரூமை மாத்தவே எவ்வளவு பாடு."

அவர் முதுகுக்குப் பின்னால் குடை உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. விதி.

மூன்றாவது முயற்சியாக, எது இருந்தாலும்தானே எழுதுகிறார்கள், எதுவுமே இல்லாமல் செய்துவிடுவோம் என்று முடிவெடுத்தேன். என் வாழ்நாளில் நான் எடுத்த முட்டாள்தனமான முடிவுகளில் இதற்கு முதலிடம். உங்கள் அக்கா இந்த வரிசையை ஒப்புக்கொள்ள மாட்டாள், அவளிடம் வேறு பட்டியல் இருக்கிறது. கட்டில், நாற்காலி, மேசை, அலமாரி எல்லாவற்றையும் பின்னறையில் திணித்து, நாங்கள் இரண்டு பேரும் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் ஒருக்களித்து வாழ ஆரம்பித்தோம். கண் தெரியாதவள் முழங்காலில் எத்தனை இடி வாங்கினாள் என்று கணக்கில்லை. குடை வந்தார், பார்த்தார், பளிச்சென்று இருந்த முன்னறையைப் பாராட்டினார், 'காலிக் கட்டடம்' என்று எழுதினார்.

இப்போது நிதிப்பிரிவு முழித்துக்கொண்டது. அங்கே ஒரு கணக்கு அதிகாரி. அவரைச் 'சிக்கனம்' என்றுதான் கூப்பிடுவோம். மின்விசிறியைக்கூட ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றுப் போடச் சொல்வார். "காலிக் கட்டடம்னு வந்திருக்கு சார். அப்ப நீங்க ஊரைக் காலி பண்ணிட்டதாத்தானே அர்த்தம்? உங்க மருத்துவச் செலவு இனிமே எங்களுக்கு மிச்சம்" என்று என் முகத்தைப் பார்த்தே சொன்னார். ஊரைக் காலி பண்ணிவிட்டவனிடம் பேசுகிறோமே என்ற கூச்சம் துளியும் இல்லை. என்னைப் போல இன்னும் எத்தனையோ பேரின் முன்னறைகள் பட்டறையாகவும் கிடங்காகவும் மாறியிருக்கின்றனவாம். ஓய்வூதியர் மருத்துவச் செலவில் இதுவரை காணாத மிச்சம் கண்டதாக மாநகராட்சி மன்றத்தில் கைதட்டி, அந்தச் சாதனைக்கு ஒரு பாராட்டு விழாவும் எடுத்துவிட்டார்கள். மிச்சத்தை விழாவில் செலவழித்தாயிற்று என்பதால், இப்போது கணக்கு சரியாக இருக்கிறது.

அந்த விழாவுக்கு நானும் போயிருந்தேன், மாப்பிள்ளை. கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். உறை போட்ட நாற்காலி, மெத்தென்று இருந்தது. முன் வரிசை நாற்காலியின் முதுகில் கடையின் பெயர் எழுதியிருந்ததைப் படித்தேன். உங்கள் கடை. உங்களைக் குற்றம் சொல்லவில்லை. கேட்டார்கள், கொடுத்தீர்கள், வியாபாரம். உங்கள் அக்காவின் கண்மீது உட்கார்ந்திருக்கிறோம் என்று அங்கே இருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும், அதனால் நான் மட்டும் எழுந்து நின்றுகொண்டேன். பின்னால் இருந்தவர் மறைக்கிறது என்று உட்காரச் சொல்லிவிட்டார்.

கடைசியாகத் துணை ஆணையரைப் போய்ப் பார்த்தேன். மனு, மறு மனு, நோட்டீஸ் எல்லாவற்றையும் மேசையில் பரப்பினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே ஒரு யோசனை சொன்னார். நிலப்பயன்பாட்டுப் பிரிவில் ஆள் இல்லையாம். ஆள் எடுக்கப் பணம் இல்லை என்று நிதிப்பிரிவு சொல்கிறதாம். ஆகவே ஓய்வு பெற்றவர்களையே ஒப்பந்தத்தில் திரும்ப எடுத்துக்கொள்கிறார்களாம்.

"நீங்க திரும்ப வேலைக்கு வந்துட்டா பணியில இருக்கிறவங்க சலுகை வந்துடும் சார். அதுக்கு முகவரி ஆய்வே கிடையாது."

"ஏன் கிடையாது?"

"பணியில இருக்கிறவர் ஆபீஸ்லதான் இருப்பார். வீட்ல இருக்காரான்னு நாம கேக்கறது மரியாதையா இருக்காதே?"

ஒரே ஒரு நிபந்தனை. கை துருப்பிடிக்கவில்லை என்று காட்ட, விதி மீறியதாகச் சந்தேகம் உள்ள கட்டடம் ஒன்றைக் கண்டுபிடித்து, உரியவரிடம் கையெழுத்து வாங்கி நோட்டீஸைச் சேர்ப்பித்து, ஆய்வு செய்து அறிக்கை தர வேண்டும்.

நான் எழுந்தேன். நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது. "ஐயா, என் பொண்டாட்டி கண்ணுக்காக அடுத்தவன் வீட்டுக் கூரையில கை வைக்கிற ஆள் நான் இல்ல. உரிமையாக் கிடைக்க வேண்டியதை வேலை செஞ்சு திரும்ப வாங்குற கேவலம் எனக்கு வேண்டாம். இந்தப் படியை இனி மிதிக்க மாட்டேன்!" என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று இறங்கி வந்துவிட்டேன். நான் கத்தியது கூடம்வரை கேட்டது. நலப்பிரிவு அம்மாகூடச் சிரிப்பை நிறுத்தினார். குடை என்னை வாசல்வரை வந்து வழியனுப்பினார், விதிப்படி வாசலைத் தாண்டவில்லை. தன்மானத்தோடு வீடு வந்து சேர்ந்தேன். வாசலில் நின்ற உங்கள் அக்கா, "யாரு?" என்று கேட்டாள்.

ஆகவே, மாப்பிள்ளை, உங்கள் அத்தான் எதையும் இழப்பான், கொள்கையை இழக்க மாட்டான் என்பதைத் தெரிவிக்கவே இந்தக் கடிதம். உங்கள் வியாபாரம் பெருகட்டும். நாற்காலிகளின் கால்கள் ஒடியாமல் இருக்கட்டும். தங்கச்சிக்கு என் விசாரிப்புகள், பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உங்கள் அக்கா தன் அன்பையும் சேர்த்து எழுதச் சொல்கிறாள். நான் எழுதுகிறேனா என்று அவளால் பார்த்துச் சரிபார்க்க முடியாது, ஆனாலும் எழுதிவிட்டேன்.

என்றும் உங்கள்,
குடியிருப்பற்ற அத்தான்.

பின்குறிப்பு: மேலே எழுதியதில் படியை மிதிக்க மாட்டேன் என்றதுவரை உண்மை. மறுநாள் மின்தூக்கியில் போனேன். அன்றைக்கே வேலையை ஒப்புக்கொண்டாயிற்று. வாசலில் அவள் 'யாரு?' என்று கேட்ட பிறகு எனக்குத் தன்மானம் என்ன வேண்டியிருக்கிறது?

யார் வீட்டுக்கு நோட்டீஸ் கொடுப்பது என்றுதான் தலையைப் பிய்த்துக்கொண்டேன். உங்கள் அக்காதான் சொன்னாள்: "என் தம்பி வீட்டு மாடியைப் போடுங்க. ரெண்டு நாள் குதிப்பான். அப்புறம் அக்கா கண்ணுக்குத்தானேன்னு விட்டுடுவான். வேற யார் வீட்டைப் போட்டாலும் அவங்க நமக்கு என்ன உறவு?" அந்தத் திரைச்சீலையைப் பற்றி இத்தனை நாள் நான் அவளிடம் மூச்சுவிட்டதில்லை. அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

இதே உறையில் இரண்டாவது காகிதம் ஒன்று இருக்கும், பாருங்கள். அதுதான் நோட்டீஸ். இந்தக் கடிதத்தை வாங்கும்போது தபால்காரரிடம் நீங்கள் போட்ட கையெழுத்து, அதற்குப் போட்ட கையெழுத்துதான். மிக்க நன்றி.

பதற வேண்டாம். வருகிற திங்கட்கிழமை ஆய்வுக்கு நானே வருவேன். வாசலில் நிற்பேன். உங்கள் வாசலிலிருந்து பார்த்தால் முன்னறையும் சோபாவும் தெரியும், மாடி தெரியாது. எனக்கு நன்றாகத் தெரியும், எத்தனை தடவை நின்றிருக்கிறேன். 'இக்கட்டடம் வீடு, வேறெதுவும் காணப்படவில்லை' என்று எழுதிவிட்டுப் போய்விடுவேன். நோட்டீஸ் கொடுத்ததாகவும் ஆயிற்று, வழக்கு முடிந்ததாகவும் ஆயிற்று, உங்கள் தொட்டிக்கு நிழலும் இருக்கும், அக்காவுக்குக் கண்ணும் வரும். மறுநாளே அறுவை சிகிச்சைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். அன்றைக்குக் கடையை மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், கட்டு அவிழ்க்கும்போது முதலில் உங்களைத்தான் பார்க்க வேண்டுமாம்.

ஒரே ஒரு வேண்டுகோள். திங்கட்கிழமை நான் வரும்போது பாசம் பொங்கி "உள்ள வாங்க அத்தான்" என்று மட்டும் கூப்பிட்டுத் தொலைக்காதீர்கள். பெயிண்ட் அடிக்கிறார்கள் என்று சொல்லி, எப்போதும் போல வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பிவிடுங்கள். இந்தத் தடவை நான் வருத்தப்பட மாட்டேன்.